ஏரியை அறிந்தவர் யார்? – தென்சென்னையின் நீர்நிலைகளும் நம் முன்னோர் கல்வியும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், வெள்ளிவிழா மலருக்கென வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். சங்கம் கண்ட பெரியோர்களின் தொண்டினை என்னினும் நன்கறிந்தோர் இம்மலரிலேயே எழுதியுள்ளனர். ஆதலின் யான், நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் மண்ணின் வரலாற்றை, குறிப்பாக மயிலாப்பூர், தேனாம்பேட்டை, தியாகராய நகர், சைதாப்பேட்டை, அடையாறு ஆகிய பகுதிகளின் நீர்நிலை வரலாற்றை எடுத்துக்கொண்டேன். கல்விச் சங்க மலரில் ஏரிக்கும் கால்வாய்க்கும் என்ன வேலை என்று இளைஞர் வினவக்கூடும். ஏரியை அணுஅணுவாக அறிந்திருந்தவன் கல்லாதவன் என்றும், அதனை ஒரு முறையும் இறங்கிப் பாராதவன் கற்றவன் என்றும் பெயர் பெற்றது எவ்வாறு என்பது கல்வியின் வரலாறேயன்றி வேறன்று.

நெடிய ஏரி

இன்று தியாகராய நகரில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் இடம், நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரியாக இருந்தது என்றால் நம் பிள்ளைகள் நம்ப மறுக்கின்றனர். மவுண்ட் சாலைக்கு, அதாவது இன்றைய அண்ணா சாலைக்கு, மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு வில் போல் வளைந்து கிடந்தது அவ்வேரி. அதன் நீளங் கருதி ஆங்கிலேயர் அதனை 'லாங் டாங்க்' என்றே வழங்கினர். வடபால் நுங்கம்பாக்கம் ஏரியும் தென்பால் மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்தமைந்த நீர்ப்பரப்பு அது.

மாநகரின் மக்கள்தொகை பெருகியபோது வீட்டுமனைகள் தேவைப்பட்டன. 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. 1923ஆம் ஆண்டிலிருந்து மாம்பலம் குடியிருப்புத் திட்டத்தின்கீழ் ஏரி வடிக்கப்பட்டு மண்ணிட்டு மேடாக்கப்பட்டது. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் புதிய நகருக்கு இடப்பட்டது. அன்றைய முதலமைச்சர் பனகல் அரசர் பெயரில் பூங்கா எழுந்தது. ஏரியின் வடகோடியில் எஞ்சியிருந்த பகுதியும் பின்னர்த் தூர்ந்தது. அங்கேதான் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை', நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா', 'டாங்க் பண்ட் சாலை' எனச் சில பெயர்ப்பலகைகள் மட்டும் மிஞ்சியுள்ளன. ஏரி இல்லை, ஏரியை நோக்கும் சாலை இருக்கிறது!

இங்கே ஒரு செய்தியை நம் இளைஞர் குறித்துக்கொள்ள வேண்டும். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம் ஆகியவற்றை எச்சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானம், இரட்டைமலை சீனிவாசன், வீரையன் முதலிய நம் பிரதிநிதிகளின் முயற்சியால் சென்னைச் சட்டசபையில் 1924இல் நிறைவேறி, 1925இல் அரசிதழில் வெளியாயிற்று. மராட்டிய நாட்டில் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுடன் நீர் அள்ளிப் பருகியது 1927இல். அதாவது, நீர்நிலை எல்லார்க்கும் உரியது எனச் சென்னைச் சட்டசபை சொன்ன அந்த ஆண்டுகளிலேயே, சென்னையின் நடுவிலிருந்த மாபெரும் நீர்நிலை மறைந்துகொண்டிருந்தது. நமக்கு உரிமை கிட்டிய வேளையில் பொருள் கைவிட்டுப் போவது நம் வரலாற்றில் புதிதன்று.

ஏரியை வடிப்பது தவறு என அன்று சொல்வார் இல்லாமலில்லை. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1914இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, 1915இல் சென்னையில் நகரக் கண்காட்சி நடத்தினார். இந்திய நகரங்களின் குளங்களைத் தூர்த்துவிடாமல் தூய்மை செய்து காக்கவேண்டும். அவை மழைநீரைத் தாங்கி வெப்பத்தைத் தணிப்பன என அவர் தம் அறிக்கைகளில் வற்புறுத்தினார். அவரைக் கொண்டாடினர், அவர் சொன்னதைக் கேட்டாரில்லை. ஆயினும் கெடிஸ் சொன்னதைச் சொல்ல ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்ததா என்பதே என் வினா. ஏரியின் கரையில் அதனை அறிந்தவர் இருந்தனர். அவரிடம் எவரும் கேட்கவில்லை.

நீர்க்கட்டி

அவர் யார்? செங்கற்பட்டு, தொண்டை மண்டலத்து ஊர்களில் அவருக்கு நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் பெயர். சென்னையும் பழைய தொண்டை மண்டலத்தின் ஊர்களே சேர்ந்து ஆன நகரம் என்பதை மறவற்க. நீர்க்கட்டித் தொழிலைச் செய்தோருள் மிகப் பலர் நம் மக்கள்.

அவர் தொழிலைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்; ஏனெனில் எந்தப் பாடநூலிலும் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி யான் கண்டதில்லை. மழைக்காலத்துக்கு முன் வரத்துக்கால்களைப் பார்த்து அடைப்பு நீக்கச் செய்வார். ஏரி நிரம்பும் நாள்களில் இரவிலும் கரைமேல் நடப்பார். கரையின் புறச்சரிவில் கசியும் நீர் தெளிவாக வந்தால் அஞ்சுவதில்லை. கலங்கி வந்தால் கரையினுள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். நண்டு வளையும் எலி வளையும் எங்கே உள்ளன என அவருக்குத் தெரியும். ஆபத்து எனின் பறை முழங்கும், ஊர் திரளும், வைக்கோலும் களிமண்ணும் பனையோலையும் கொண்டு உடைப்பை அடைப்பர். மழை ஓயும் தறுவாயில், கலங்கலின்மேல் நட்ட கற்களுக்கிடையே மண்ணும் புற்கரணையும் வைத்து அடைத்து, ஏரியின் கொள்ளளவைச் சற்றே உயர்த்துவார். எந்நாளில் அதனை அடைப்பது என்பதில்தான் நுட்பம் உள்ளது: முந்தினால் கரை உடையும், பிந்தினால் நீர் வீணாகும். வானத்தைப் பார்த்தே அதனை முடிவு செய்தார்.

அதன்பின் பங்கீடு. மதகின் துளையை அடைத்திருக்கும் கட்டையோடு நீண்ட கம்பு ஒன்று இணைந்திருக்கும். அதனைத் தூக்கியும் தாழ்த்தியும், வேண்டுமாயின் நீரில் மூழ்கியும், நீரின் அளவைக் கட்டுப்படுத்துவார். எந்த மடையில் எத்தனை நாழிகை, கடைமடைக்கு நீர் போய்ச்சேர எவ்வளவு நேரம், பற்றாக்குறை ஆண்டில் யாருக்கு முறை முந்தியது, எந்த வயல் உறிஞ்சும் மண், எது தேக்கும் மண் என்பன யாவும் அவர் நெஞ்சில் இருந்தன. நிலவுடைமையாளர் தம் கையால் மடையைத் தொடலாகாது என்பது முறை. நிலம் இல்லாதவனிடம் நீரைப் பிரிக்கும் பணியை ஒப்படைத்தால் அவன் தனக்கென ஒதுக்கிக்கொள்ள வழியில்லை; எனவே நடுவு நிலைமை பிழைக்காது என ஊரார் எண்ணினர்.

இதனை நம் சிறப்பாகப் பேசி மகிழ்வோர் உண்டு. யான் சற்று நின்று பார்க்கிறேன். நம் முன்னோரின் நேர்மைக்குச் சான்றாகக் காட்டப்படுவது அவர்தம் நிலமின்மை! நூறு வேலிக்கு நீர் பிரித்துக் கொடுத்தவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அவருக்குக் கூலி அறுவடையின்போது களத்துமேட்டில் அளந்து தந்த மேரை நெல். பல ஊர்களில் அவர் மடைதிறந்து நிரப்பிய குளத்திலேயே அவர் வீட்டுப் பெண்கள் குடம் அமிழ்த்த இயலாது.

மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒன்றையும் இங்கே திருத்திவிடுகிறேன். 'மடையன்' என்னும் வசைச்சொல், மடையைத் திறந்த நம் முன்னோரை இழித்ததால் வந்தது என்பர். கைதட்டலும் கிடைக்கும். அறியாமையைக் குறிக்கும் 'மடம்', 'மடமை' என்பவற்றோடு தொடர்புடைய மடையன் வேறு. நீர்மடையோடு தொடர்புடைய மடையன் வேறு. உண்மையான இழிவுகள் நமக்குப் போதுமான அளவு இருக்கின்றன; இல்லாததைச் சேர்க்க வேண்டா.

கல்வெட்டும் பழம்பெருமையும்

அன்னியராட்சிக்கு முன் எல்லாம் செம்மையாக இருந்தன. வெள்ளையர் வந்து கெடுத்தனர் என்று கூறும் ஒரு வரலாறு உண்டு. அதில் பாதி உண்மை. மறுபாதியை நாம்தான் சொல்லவேண்டும்.

ஏரிக் காவலுக்குப் பழம்பெருஞ் சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த அக்கல்வெட்டுகள், குடவோலை வாயிலாக வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரிக்கின்றன. ஏரி வாரியமும் அவற்றுள் ஒன்று. ஆண்டுதோறும் வகுப்பில் யானும் இதனைப் பெருமையுடன் நடத்துகிறேன். ஆனால் வாரியத்துக்குரிய தகுதிகளையும் உடன் படிக்கச் சொல்வேன்: இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்குமேல் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், வேதம் ஓதியிருக்கவேண்டும். ஏரியில் தூர் எடுத்தவன் குடத்தில் அவன் பெயர் எழுதிய ஓலை இல்லை.

கல்வி பற்றிய செய்தியும் இத்தகையதே. 1822இல் சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, மாகாணமெங்கும் திண்ணைப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அக்கணக்குகளைத் தேடித் தொகுத்து அறிஞர் தரம்பால் 1983இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலேயர் வருமுன் நாட்டில் பள்ளிகளே இல்லை என்னும் பொய்யை அந்நூல் தகர்த்தது. அதற்காக அவருக்கு நாம் கடன்பட்டுள்ளோம். சூத்திரர் எனப்பட்ட வகுப்பினரின் பிள்ளைகள் பெருந்தொகையாகப் பயின்றனர் என அவர் காட்டினார். எனினும் அந்தப் படிவத்தைப் பாருங்கள்: பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் எனத் தனித்தனிப் பத்திகள், அவற்றோடு 'ஏனைய சாதியார்' என்றொரு பத்தி. நம் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்தனரா, வாசலுக்கு வெளியே நின்றனரா என்பதற்குத் தனிப் பத்தி இல்லை. எண்ணப்படாதவரைப் பற்றி எண்ணிக்கை எதையும் சொல்லாது.

அளந்தவரும் நடந்தவரும்

இனி வெள்ளையரிடம் வருவோம். ஆங்கிலேயர் தென்சென்னையைச் சுற்றியே தம் நிலவியல் அறிவின் கோட்டைகளைக் கட்டினர் என்பது வியப்புக்குரியது. 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னர்ப் பொறியியற் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு வந்தது. பரங்கிமலை அருகே 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சங்கிலியிட்டு அளக்கத் தொடங்கிய ஏழரை மைல் அடிக்கோடே, இந்தியா முழுவதையும் முக்கோண முறையில் அளந்த பேரளவைக்கு அடிப்படை ஆயிற்று.

அதற்கு முன் ஊர்களின் எல்லையை அறிந்தவர் யார்? எல்லை வழக்கு வந்தால், ஊர்ப் பறையர் தலையில் நீர்க்குடம் சுமந்து எல்லையை நடந்து காட்டுவார்; அவர் நடந்த வழியே தீர்ப்பு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் எல்லை வழக்குகளில் பறையர் சொல்லுக்கிருந்த மதிப்பு குறிக்கப்பட்டுள்ளது. சங்கிலியும் தியோடலைட்டும் வந்தபின் அந்த நடைக்கு மதிப்பில்லை. முன்னது வழக்கம் என்றும் பின்னது விஞ்ஞானம் என்றும் ஆயின. லாம்டனின் கணிதத்தை யான் குறைத்துப் பேசவில்லை; அது மாபெரும் சாதனை. எல்லையை நடந்து காட்டியவர் அதன்பின் சங்கிலி பிடிக்கும் கூலியாளாக மட்டும் அந்த அறிவுலகில் இடம் பெற்றார் என்பதையே சொல்கிறேன்.

சைதாப்பேட்டையில் 1865இல் அரசினர் விவசாயப் பரிசோதனைப் பண்ணை ஒன்றை நிறுவினர். நீராவிக் கலப்பை முதலிய கருவிகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. 1868இல் அங்கே விவசாயப் பள்ளி தோன்றிப் பின்னர்க் கல்லூரியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. நம் நாட்டு உழவர்க்கு உழவு கற்பிப்பதே நோக்கம். நீராவிக் கலப்பை நம் மண்ணில் நிலைக்கவில்லை. 1889இல் இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பப்பட்ட வேதியியலறிஞர் வோல்க்கர், நாடெங்கும் சுற்றிப்பார்த்து 1893இல் வெளியிட்ட அறிக்கையில், இந்திய உழவர் பல வகையிலும் ஆங்கில உழவர்க்குத் தாழ்ந்தவரல்லர், சிலவற்றில் மேம்பட்டவர் என எழுதினார். கற்பிக்க வந்தவர் கற்றுத் திரும்பினார். ஆயினும் வோல்க்கர் கண்ட உழவர் பட்டாக்காரரா, அவர் நிலத்தில் சேற்றில் நின்ற பண்ணையாளா என்பதை அவ்வறிக்கை பிரித்துக் காட்டவில்லை.

அந்த வேறுபாட்டைக் கண்டு எழுதிய வெள்ளை அதிகாரி ஒருவர் உண்டு. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்கீர், 1891இல் அம்மாவட்டப் பறையர் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். மிராசுதாரர்கள் தரிசு நிலத்தையும் குடியிருப்பு மனையையும் தம் பிடிக்குள் வைத்திருந்ததால் நம் மக்கள் உழுதும் நிலமற்றவராயினர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அதன் விளைவாகவே 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்து, பஞ்சமி நிலங்கள் வழங்கப்படலாயின. அந்நிலங்கள் பின்னர் யார் கைக்குப் போயின என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

ஏரிகளின் கதிக்குத் திரும்புவோம். பேர்ட் ஸ்மித் என்னும் பொறியாளர் 1856இல் எழுதியபடி, சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் 43,000 ஏரி குளங்கள் பயன்பாட்டில் இருந்தன. 10,000 சிதைந்து கிடந்தன. ஊர் விளைச்சலிலிருந்து ஏரிக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் முதலிலேயே பங்கு ஒதுக்கிய பழைய முறையைக் கம்பெனியார் வரிவசூல் விழுங்கியிருந்தது. பங்கு நின்றது, பணி நின்றது. அதன்பின் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றிக் கரை உடைப்பை அடைக்க மக்களைச் சட்டத்தால் அழைத்தனர். பறையொலி கேட்டுத் திரண்ட ஊரை, ஊதியத்தைப் பறித்தபின் சட்டம் காட்டி அழைக்கவேண்டியதாயிற்று.

கால்வாய் வெட்டியவர்

மயிலாப்பூர், மந்தைவெளி வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாயை அறியாதார் இலர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி, 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பஞ்சத்தில் முதலில் வீழ்ந்தவர் நிலமற்ற கூலிகள்; வெட்டியவரும் அவரே. 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலித் திட்டத்தின்படி வளர்ந்த ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும். அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகன் பெயரைக் கால்வாய் பெற்றது.

அதே கால்வாயின் கரையில் குடியிருப்போரை இன்று 'நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்' என அரசு ஆவணங்கள் குறிக்கின்றன. 2022ஆம் ஆண்டு மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிர்நீத்தார். அக்கால்வாயினுள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அந்த ரயில் 1997இல் திருமயிலைக்கும், 2007இல் வேளச்சேரிக்கும் ஓடத் தொடங்கியது. தூண்களை எவரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லக் கேட்டதில்லை. நீர்நிலைகள் காக்கப்பட வேண்டியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கரையிலுள்ள ஓலைக்குடிசை கண்ணில் பட்டு, நடுநீரில் நிற்கும் சிமெண்டுத் தூண் கண்ணில் படாத பார்வையைச் சூழலியல் அறிவு என்று மாணவர்க்குக் கற்பிக்க என் மனம் ஒப்பவில்லை.

2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டு அடையாறு பெருகியதையும், சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியதையும் நம்மில் பலர் நேரில் கண்டோம். அதன்பின் கரையோர மக்கள் பலர் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டிலிருந்து, கண்ணகி நகருக்கும் பின்னர்ச் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டோர் பல்லாயிரவர். இவ்விடங்கள் எங்கே உள்ளன? 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பைச் சூழ்ந்த தாழ்நிலங்களில். ஆற்றங்கரையிலிருந்து வெள்ளத்துக்கு அஞ்சி அகற்றப்பட்டவர், வெள்ளம் வந்து தங்கும் இடத்தில் குடியமர்த்தப்பட்டனர். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர் நாள்கணக்கில் நீரில் நின்றபோது, பழைய ஏரி தன் இடத்தைத் தேடி வந்ததென நாளேடுகள் எழுதின. அதனை அறிய நாளேடு தேவையில்லை. நீர்க்கட்டி இருந்திருப்பின் சொல்லியிருப்பார்.

பள்ளிக்கூடம் வந்தபோது

நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்போது வந்தது? அடையாற்றில் 1882இல் குடியேறிய பிரம்மஞான சங்கத்தின் தலைவர் கர்னல் ஆல்காட், 1894இல் ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பின்னர்ப் பள்ளிகள் தோன்றின. பெசன்ட் நகரில் அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் நடைபெறுகிறது. எழுத்தும் கணக்கும் ஓரளவு ஆங்கிலமும் சமையலும் கற்பித்தனர். சிறுவர்க்குக் கிண்டர்கார்டன் முறையையும் கையாண்டனர். எவரும் திறவாத கதவைத் திறந்தவரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். எனினும் அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த அறிவு எதுவோ, அது வாசற்படியிலேயே நின்றுவிட்டது. அப்பள்ளிகளில் மட்டுமா? இன்று வரை எல்லாப் பள்ளிகளிலும் அதுவே நிலை. என் பள்ளியும் அதற்கு விலக்கன்று.

அந்நிலையை மாற்ற முனைந்தவர் பக்கத்திலேயே இருந்தார். இராயப்பேட்டையில் வாழ்ந்த பண்டித அயோத்திதாசர் சித்த மருத்துவர். பரம்பரை அறிவே அவர்க்குத் தொழில். 1898இல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். நம் மக்களைத் தாழ்த்தப்பட்டோர் என்னாது பூர்வத்தமிழர், இம்மண்ணின் தொல்குடியினர் என அழைத்தார். தீபாவளியை எள்ளிலிருந்து நெய்யெடுக்கக் கண்டறிந்த நாளின் நினைவு என விளக்கினார். வரலாற்றாசிரியர் யாவரும் இவ்விளக்கத்தை ஏற்பதில்லை, யானும் வற்புறுத்தவில்லை. பண்டிகையையும் வழக்கத்தையும் உழைப்பாளியின் அறிவுக் கண்டுபிடிப்பாகப் படிக்கும் அந்த முறையே கவனிக்கத்தக்கது. உலகம் பின்னர் 'காலனிய நீக்கம்' எனப் பெயரிட்டுப் பேசிய பொருளின் ஒரு கூறு, 1914இல் மறைந்த அப்பெரியாரிடம் முன்பே உண்டு.

உலகில் அப்பேச்சு வளர்ந்ததைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1977இல் சோவியத் நாட்டுத் திபிலிசி நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு சுற்றுச்சூழல் கல்விக்கு வழிவகுத்தது. 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் நம் உச்சநீதிமன்றம் அக்கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கச் சொல்லி, 2003இல் மீண்டும் வற்புறுத்தியது. நியூசிலாந்தின் மாவோரி இனத்தைச் சார்ந்த பேராசிரியை லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999இல் வெளியிட்ட நூல், தொல்குடிகளை ஆராய்வோர் யார், கேள்வியை வகுப்பவர் யார், பயன் யாருக்கு என வினவி ஆய்வுலகத்தையே அசைத்தது. நம் நகரிலும் எல்டாம்ஸ் சாலையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் ஏற்பட்டுக் கோயிற்காடுகளையும் திருக்குளங்களையும் ஆராய்ந்தது. பயனுள்ள பணியே. ஆனால் நாட்டு மரபறிவு என்றவுடன் கோயிலும் சாத்திரமும் மட்டுமே நினைவுக்கு வருவது ஏன்? மாவோரி மக்கள் வெள்ளையரிடம் கேட்கும் கேள்வியை நாம் இரு முறை கேட்கவேண்டியிருக்கிறது. வெள்ளையரிடம் ஒரு முறை, நம் நாட்டாரிடம் ஒரு முறை.

கேட்டால் விடை கிடைக்கும் என்பதற்கு இருளர் சான்று. 1972இல் கிண்டியில் பாம்புப் பண்ணை தோன்றியது. அதே ஆண்டு வந்த வனவுயிர்ச் சட்டமும் பின்னர் 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் இருளரின் பிழைப்பை முடக்கின. ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் நஞ்சுமுறிமருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருகிறது. பாம்பின் தடத்தைக் கொண்டே அதன் இனத்தையும் போன நேரத்தையும் கூறும் அவ்வறிவை நம்பி, 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தார் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் மலைப்பாம்பு பிடிக்க அழைத்தனர். சில வாரங்களிலேயே பத்துக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தனர். 2023இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிக்கூடம் அவர்களுக்கு இவ்வறிவைத் தரவில்லை. கூட்டுறவுச் சங்கம் அதற்கு ஊதியமும் உரிமையும் தேடித் தந்தது. வேறுபாடு அங்கேதான்.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

நீர்க்கட்டிகளின் தலைமுறை முடியும் தறுவாயில் உள்ளது. நம் சங்கத்து உறுப்பினர் பலருடைய பூர்வீகம் செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள். பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்லும் இளைஞர் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்க. ஏரியின் பெயர், மதகுகள் ஒவ்வொன்றின் பெயர், கலங்கல் இருக்குமிடம், மடைமுறை, நீர்க்கட்டியாய் இருந்தவர் பெயர், அவர் பெற்ற மேரை எத்தனை மரக்கால், அது எந்த ஆண்டில் நின்றது, அவ்வேரியில் நம் தெருவார் நீர் எடுக்க இயலாதிருந்ததா, எப்போது இயன்றது என்பவற்றைப் பாட்டனார் பாட்டியாரிடம் கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி வருக. இலக்கணம் திருத்த வேண்டா. திருத்தும் பழக்கம் எனக்குண்டு, ஆயினும் இதில் கைவைக்க மாட்டேன். அடையாற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் வாழ்ந்து பெரும்பாக்கம் சென்ற குடும்பத்தார், பழைய கரையின் படித்துறைகள், வெள்ளம் ஏறிய அளவு, வெட்டப்பட்ட மரங்கள் ஆகியவற்றை எழுதித் தரலாம். பெயர் வெளியிட விரும்பாதோர் ஊர்ப்பெயர் மட்டும் குறித்தால் போதும். ஏடுகளை ஞாயிறுதோறும் மாலை சங்க நூலகத்தில் யானே பெற்றுக்கொள்வேன். தை மாத இறுதிக்குள் வருபவை முதல் தொகுதியில் சேரும்.